கோல்டன்றொட் அம்மன்

சல்லி என்ற மீனவக் கிராமத்துக்கு நாங்கள் போனது கருவாடு வாங்க. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு ஊரில் உலாவிய கதைகளில் என் மனைவி கனவு கண்டு போனதாகவும், அந்த இடம் வந்ததும் ஸ்கூட்டி தானாக நின்றதாகவும் சொன்னார்கள். ஸ்கூட்டி தானாக நிற்கவில்லை. பின்னால் இருந்தவள் என் தோளில் ஓங்கி அடித்தாள், அதனால் நிறுத்தினேன்.

"நில்லுங்கோ! நில்லுங்கோ!"

ஆட்டில் ஏற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சல்லிப் பக்கத்து ஆடுகள் வீதியைத் தங்களுக்கு வந்த சீதனமாகவே வைத்திருக்கின்றன. திரும்பிப் பார்த்தால் ஆடும் இல்லை, மனைவியும் இல்லை. வீதிக்கும் கடற்கரை மணலுக்கும் நடுவில், ஒரு பழைய வேலிக்கட்டைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. நேரான தண்டு, ஒடுங்கிய இலைகள். உச்சியில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன.

"இது இஞ்ச நிக்கேலாது," என்றாள்.

ஸ்கூட்டியைச் சொல்கிறாளாக்கும் என்று அதை ஓரமாகத் தள்ளினேன்.

"ஸ்கூட்டி இல்லை, இந்தச் செடி! இது கோல்டன்றொட். கனடாவில, ஐரோப்பாவில வெளியெல்லாம் தானா முளைச்சு நிக்கிற செடி. எங்கட நாட்டில காட்டுச் செடியா இதை ஒருத்தரும் கண்டதில்லை. அதுவும் சல்லியில, இந்த உப்புக் காத்துக்குள்ள!"

கனடாவில் எங்கள் சனம் இல்லாத தெருவே இல்லை, பதிலுக்கு அங்கிருந்து ஒரு செடி இங்கே வந்தால் என்ன குறை என்று கேட்டேன். அவள் பூக்கொத்தை இரண்டு விரலால் தாங்கி, கைப்பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டாள். கைப்பையில் சீப்பு வைக்க மறந்தாலும் அதை மறக்கமாட்டாள். நான் அப்போதுதான் வாங்கிய கருவாட்டுப் பையைப் பிடித்தபடி வெயிலில் நின்றேன். கருவாட்டுக்கு வெயில் புதிதில்லை, எனக்குத்தான் தலை சுற்றியது.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தாங்கி ஒழுகுகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் தொழில். ஒழுகாத நாட்களில் பார்க்க ஒன்றும் இருக்காது, அநேகமாக எல்லா நாளும் ஒழுகாத நாள்தான். என் மனைவி உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள். எனக்குப் பிறகுதான் ஓய்வு பெற்றாள். உண்மையில் பெறவே இல்லை என்றும் சொல்லலாம். எங்கள் வீட்டில் பத்திரிகையை விரித்தால் ஏதாவது ஒரு புல் மடியில் விழும். குளிர்சாதனப் பெட்டியில் தயிரென்று நினைத்துத் திறந்த டப்பாவில் பாசி இருந்திருக்கிறது. அவளுக்கு நான் வைத்த பெயர் செடி விசர், அதாவது செடிப் பைத்தியம். அந்தப் பெயரைக் கேட்டு அவள் ஒருநாளும் கோபித்ததில்லை, ஏதோ பட்டம் கொடுத்ததுபோல் தலையாட்டுவாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டுக்கொண்டே பாடம் தொடங்கியது. நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ இல்லையாம், சூரியகாந்திக் குடும்பம் முழுக்க அப்படித்தானாம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கூட்டமே குடியிருக்கிறதாம். கோல்டன்றொட்டில் பல இனங்கள் உண்டாம். ஓர் இனத்துக்குள்ளும் உபஇனங்கள் உண்டாம். நெடுங்காலம் ஓரிடத்தில் தனியாகக் கிடந்து, இலையிலும் விதையிலும் கொஞ்சம் வேறாகப் போனால் அது உபஇனம். "சல்லிக்கெண்டே ஒரு உபஇனம் இருந்தால்?" என்று கேட்டுவிட்டு, சொதிக் கரண்டியை நடுவானில் பிடித்தபடி நின்றாள்.

எனக்கு அது உடனே விளங்கியது. அவள் யாழ்ப்பாணம், நான் திருகோணமலை. இனம் ஒன்றுதான், ஆனால் அவள் வைக்கும் குழம்பில் மிளகாய்த்தூள் எவ்வளவு என்று பார்த்தால் உபஇனம் வேறென்று யாரும் சொல்லிவிடுவார்கள். இதை அவளிடம் சொன்னேன். உதாரணம் சரியாம், ஆனால் நான் சிரித்த விதம் சரியில்லையாம்.

அடுத்த நாள் மலைநாட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கும் தாவரவியல் பேராசிரியருக்குப் படங்களை அனுப்பினாள். ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறையில் அவரைக் கண்டிருக்கிறாள். பின்னேரம் அவரே போன் எடுத்தார். இவள் மகிழ்ச்சியில் எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். போடாமல் இருந்திருக்கலாம்.

"ரீச்சர், இது சும்மா மூக்குத்திப்பூ. உரம் பட்டு உயரமா வளந்திருக்கும்," என்றார் பேராசிரியர். "ஓய்வெடுத்த ஆக்களுக்கு ரோட்டில நிக்கிற எல்லாம் அபூர்வமாத்தான் தெரியும், என்ன?" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

"சரி சேர். நன்றி சேர்," என்றாள் இவள்.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த பானையை எடுத்து மறுபடி கழுவினாள். நான் வாசலில் போய் நின்றேன். முகத்தைக் காட்டாமலே சொன்னாள்:

"பிழையெண்டால் பிழையெண்டு சொல்லட்டும். அதுக்கேன் சிரிக்கிறது?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் மனைவியை விசர் என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். அது கலியாணத்தோடு வந்தது. மலையில் குளிர் காய்கிற ஒருவர் அதைப் போனில் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த இடத்திலேயே நான் கோல்டன்றொட் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

"இப்ப என்ன செய்யோணும்? சொல்லும்," என்றேன்.

விதை வேண்டும் என்றாள். படத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லலாம். முற்றிய விதையைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால், என்ன இனம், என்ன உபஇனம் என்பதில் பேராசிரியரும் சிரிக்க முடியாது. பூ இப்போதுதான் விரிகிறது. விதை முற்றக் கொஞ்ச நாள் எடுக்கும். இருப்பதோ ஒரே ஒரு செடி. அதற்குள் ஒரு ஆடு கடித்தால் எல்லாம் முடிந்தது.

ஆகவே ஓய்வு பெற்ற தாங்கிப் பார்வையாளர் ஒரு செடிக்குக் காவலாளி ஆனார். காலையில் மடக்குக் கதிரையையும் குடையையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போவேன். கதிரையைப் போட்டு, ஆட்டைத் துரத்தி, மறுபடி உட்கார்வேன். ஆடுகளில் வெள்ளைக் காதுள்ள ஒன்று என்னைவிடப் பொறுமைசாலி. நான் தேநீர்ப் போத்தலைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் வரும். ஆட்டைக்கூடச் சமாளிக்கலாம், மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர்கள்தான் பெரிய பாடு. வளைவில் வீதியை விட்டிறங்கி, செடியை உரசிக்கொண்டு குறுக்கே போவார்கள். நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் யாராவது மேலே ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், செடியைச் சுற்றி நாலு கட்டை நட்டேன். தூரத்திலேயே கண்ணில் படட்டும் என்று ஒரு கட்டையில் துணியும் கட்டினேன். வீட்டில் கிழிக்கக் கிடைத்தது மனைவியின் பழைய மஞ்சள் சேலை.

கோயில்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். மரத்தில் மஞ்சள் துணியை எதற்குக் கட்டுவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் சைக்கிள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் போனபோது இரண்டாவது கட்டையில் இரண்டாவது மஞ்சள் துணி இருந்தது. அதன் முடிச்சுக்குள் ஒரு காசு. கீழே பாதியாக வெட்டிக் குங்குமம் பூசிய தேசிக்காய்.

எதிரே பாய் விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார் நாங்கள் வழக்கமாகக் கருவாடு வாங்கும் அக்கா. குரலால் காகங்களைக் கலைக்கக் கூடியவர், கல் தேவையில்லை.

"அக்கா, ஆர் இதைக் கட்டினது?"

"நான்தான். என்ட மகளுக்கு ஒரு நல்ல இடம் பொருந்தோணுமெண்டு. நீங்க என்னத்துக்குக் கட்டினீங்க அண்ணே?"

"நான் சைக்கிளுக்குக் கட்டினனான்."

அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "புதுச் சைக்கிள் கேட்டோ? இந்த வயசில ஒரு மோட்டார் சைக்கிளாவது கேட்டிருக்கலாமே."

விளக்கினேன். இது கோயில் இல்லை, செடி. என் மனுசி ஆராய்ச்சிக்கு வைத்திருக்கிறா. ஆட்டுக்கும் சைக்கிளுக்கும் பயந்துதான் இவ்வளவும். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்துப் பாயில் இருந்தவரிடம், "வெளியில சொல்லமாட்டாராம்," என்றார்.

அதற்குப் பிறகு நான் மறுக்க மறுக்க அம்மனுக்கு மகிமை கூடியது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மனிசன் ஏன் காலையில் இருந்து குடை பிடித்துக்கொண்டு இருக்கப் போகிறான் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் இருந்த பதிலைவிட அவர்களிடம் இருந்த பதில் நம்பக்கூடியதாக இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் ஆட்டைப் பிடிக்கப் போய் அம்மனில் முடித்தவன்.

துணிகள் பெருகின. கற்பூரம் வந்தது. ஓட்டோக்காரர்கள் அந்த வளைவில் வேகத்தைக் குறைத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போனார்கள். கிண்ணியாவில் இருந்து மீன் எடுக்க வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் மட்டும் என்னிடம் தனியாக வந்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, உண்மையச் சொல்லுங்க, இதுக்குள்ள என்ன புதைச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அந்த முழு ஊரிலும் என்னைக் கடவுளோடு சேர்க்காதவர் அவர்தான். கள்ளனோடு சேர்த்தார்.

மனைவி பின்னேரங்களில் வருவாள். முழங்காலில் இருந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி, ஒவ்வொரு இலையாக அளவுகோல் வைத்துப் பார்ப்பாள். வாய்க்குள் இலத்தீன் பெயர்களை முணுமுணுப்பாள். அவள் குனியும்போது பின்னால் நிற்கும் பெண்கள் கைகூப்புவார்கள். ஒருநாள் அவள் எழும்பித் திரும்பியபோது ஒருத்தி தன் கைக்குழந்தையை நீட்டினாள். இவள் திகைத்துப்போய்க் குழந்தையை வாங்கி, அதன் நாக்கையும் கண்ணையும் பார்த்து, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும், கிளினிக்கில் காட்டுங்கோ என்று சொல்லிக் கொடுத்தாள். அதுவும் அருள்வாக்கென்றுதான் கணக்கானது.

இதுவரைக்கும் பகிடிதான். ஆனால் ஒரு காலை நான் போனபோது உச்சிக் கொத்தைக் காணவில்லை. நேர்த்தி வைத்தவர்கள் பூவைப் பிரசாதமாக எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பூ போனால் விதை இல்லை. மனைவி வந்து வெறுந்தண்டைப் பார்த்தாள். மீதியாய் நின்ற பக்கக் கிளைகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தாள். ஆடு தின்றிருந்தால் நான் ஆட்டைப் பேசியிருப்பேன். கும்பிடுகிறவர்களை எப்படிப் பேசுவது?

அவள் வீட்டுக்குப் போனபிறகு நான் கருவாட்டு அக்காவிடம் நடந்தேன். குரலைத் தாழ்த்தினேன்.

"அக்கா, ஒரு விசயம். இந்த அம்மனுக்குப் பூப் பிடுங்கினா ஆகாது."

அக்காவின் கண் விரிந்தது. "ஐயோ! ஆர் சொன்னது?"

ஒரு நொடி யோசித்தேன். "எனக்குத் தெரியும்," என்றேன். "பூ, இலை, காய் ஒண்டும் தொடக்கூடாது. ஆரும் தொடக்கூடாது. தொட்டால் தொட்ட கைக்குச் சரிவராது."

மதியத்துக்குள் அது சல்லி முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து ஒரு இதழ்கூடக் குறையவில்லை. பெண்கள் முறை வைத்து ஆடு துரத்தினார்கள். வெள்ளைக் காது இரண்டு தரம் அடி வாங்கி, வேறு தெருவுக்குக் குடிபெயர்ந்தது. எனக்கு வேலையே இல்லாமல் போனது. ஒருத்தர் வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்து என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொருத்தர் மகனுக்குக் கட்டார் விசா எப்போது வரும் என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். உண்மையாகவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கடைத்தெருவில் நடந்தாலும் ஆட்கள் எழும்பி நின்றார்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

மனைவிக்கு விசயம் தெரிந்தபோது வாழைப்பழம் என் தொண்டையில் இருந்தது.

"சயன்ஸ் ரீச்சரின்ட புருசன் செய்யிற வேலையே இது?"

"உமக்கு விதை வேணுமோ, வேண்டாமோ?"

அவள் கொஞ்சநேரம் என்னை முறைத்தாள். பிறகு ஒரு பழத்தை உரித்தாள்.

விதைகள் முற்றின. மஞ்சள் எல்லாம் மெல்லிய வெள்ளைப் பஞ்சாக மாறியது. அதே வேளையில் கச்சான் காற்றும் தொடங்கியது. தரையில் இருந்து கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிற வறண்ட காற்று. காலையில் வெள்ளையாய் நிற்கும் கொத்து பின்னேரம் மொட்டையாகிவிடும், இன்றைக்கே எடுக்கவேண்டும் என்றாள். கடித உறை ஒன்றும் சின்னக் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வந்தோம். அவள் கத்தரிக்கோலைக் கொத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ரீச்சர்! என்ன செய்யிறீங்க!"

கருவாட்டு அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். "காய் தொடக்கூடாதெண்டு உங்கட அவரே சொன்னவர்!"

நுணலும் தன் வாயால் கெடும். நான் முன்னால் வந்து தொண்டையைச் செருமினேன். ரீச்சர் எடுக்கலாம் என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னேன்.

"எப்ப வந்தது?" என்றார் அக்கா.

"இப்ப… வழியில."

"வழியிலயோ? ஹெல்மெட் போட்டிருந்தனீங்களோ, இல்லையோ?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போட்டிருந்தேன் என்றேன். ஹெல்மெட்டுக்குள் அருள்வாக்குக் கேட்குமா என்று அவர்களுக்குள் விவாதம் தொடங்கியது. காற்று வீசியது. முதல் பஞ்சு பறந்து, மீன் காயும் பாய்க்கு மேலால் கடல் பக்கம் போனது. மனைவி அதைப் பார்த்தாள். இன்னொன்று பறந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கோ," என்றாள். முப்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் அடக்குகிற பழைய வகுப்பறைக் குரல். எல்லாரும் அடங்கினோம், நானும்தான். "இவர் சொன்னது பொய். அம்மன் ஒண்டும் இவரோட கதைக்கேல்லை. இது ஒரு செடி. இதை நான் இன்னதெண்டு சொன்னனான். ஒரு பேராசிரியர் இல்லையெண்டு சொன்னவர். சொன்னதுமட்டுமில்லை, ஓய்வெடுத்த ஆக்களுக்கு இப்பிடித்தான் தெரியுமெண்டு சிரிச்சவர். இந்த விதை இல்லாட்டி நான் அவருக்கு ஒண்டும் சொல்லேலாது. அவ்வளவுதான்."

என் பதவி அந்த நிமிடத்தோடு போனது. நான் அடி எதிர்பார்த்தேன். ஆனால் அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை.

"சிரிச்சவனோ?" என்றார்.

"ஓம்."

"உங்களைப் பாத்தோ?"

"போனில."

"போனில!" என்றார்கள் பின்னால் நின்றவர்கள், அது இன்னும் கேவலம் என்பதுபோல. முகத்துக்கு நேரே சிரித்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்கள்.

அக்கா தன் இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணித்துண்டை உருவி நீட்டினார். "அப்ப இதுக்கு முதலே நேர்த்தி வைச்சிருக்கோணுமே ரீச்சர். கட்டுங்க. கட்டிப்போட்டு எடுங்க. உங்கட அவர் பொய் சொன்னா என்ன, அம்மனோ பொய் சொன்னவ?"

என் மனைவி வாழ்க்கையில் நேர்த்தி வைத்தவள் இல்லை. பரீட்சைக்கு முன்னால் கோயிலுக்குப் போகும் பிள்ளைகளிடம், முதலில் இழைமணிப் பாடத்தைப் படித்துவிட்டுப் போ என்று சொல்கிறவள். துணியைப் பார்த்தாள், பறக்கும் பஞ்சைப் பார்த்தாள். வாங்கி, கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லுங்க ரீச்சர். இந்தக் கச்சான் காத்தில ஒருத்தருக்கும் கேக்காது."

"அவர் இஞ்ச வந்து, பாத்துப்போட்டுச் சொல்லோணும்!" என்று கத்தினாள் என் மனைவி.

"சரியெண்டு சொல்லோணும்!" என்று கூட்டிச் சேர்த்தார் அக்கா. பிறகு எல்லாருமாகக் காற்றுக்குக் குறுக்கே சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தார்கள். அதற்குள் குனிந்து அவள் விதைகளை வெட்டி உறைக்குள் போட்டாள். ஒரு பஞ்சு என் மூக்குக்குள் போய்விட்டது. தும்மவேண்டாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

விதை பதிவுத் தபாலில் போனது. பதில் இல்லை. மனைவி போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கேட்டால் காலநிலை பார்க்கிறேன் என்பாள். திருகோணமலையில் அந்த மாதம் காலநிலை என்று பார்க்க வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. நான் பேராசிரியரை மனதுக்குள் பேசியே இளைத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலை போன் வந்தது. அவர் குடும்பத்தோடு நிலாவெளிக்கு விடுமுறையில் வந்திருக்கிறாராம். "விதையைப் பாத்தனான் ரீச்சர். அந்தச் செடி நிக்கிற இடத்தைக் காட்டுவீங்களோ?" என்று கேட்டார். மனைவி உடனே சேலை மாற்றினாள். அதற்கு மேலும் ஒருதரம் மாற்றினாள்.

பேராசிரியர் அரைக் காற்சட்டையும் பெரிய தொப்பியுமாக வந்து இறங்கினார். நான் மனதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த ஆள் ஆறடி இருந்தார். இவர் என் தோளுக்கு வந்தார். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. செடியை நோக்கி நடந்தவரைக் கருவாட்டு அக்கா கையை நீட்டி மறித்தார்.

"செருப்பைக் கழட்டுங்க சேர்."

"ஏன்?"

"கோயில்."

அவர் துணிகளைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினார். நேரம் நடுப்பகல், மணலில் பொரி பொரியும். ஒரு காலை வைத்து மற்றக் காலைத் தூக்கி, அதை வைத்து இதைத் தூக்கி, நாட்டின் பெரிய தாவரவியலாளர் ஒருவர் செடிவரைக்கும் ஆடிக்கொண்டே போனார். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு இரண்டு பெண்கள் குரவையிட்டார்கள். எனக்கு வாழ்நாளில் இவ்வளவு சந்தோசம் வந்ததில்லை.

ஆனால் செடிக்கு முன்னால் இருந்ததும் அவர் மாறிவிட்டார். காலை மறந்துவிட்டார். பிந்திப் பூத்த ஒரு சின்னக் கிளை இருந்தது. அதைப் பூதக்கண்ணாடிக்குள் வைத்து, இலையின் அடிப்பக்கத்தைத் தடவி, தண்டை வெளிச்சத்தில் திருப்பி நெடுநேரம் பார்த்தார். என் மனைவியும் பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். பெண்கள் வட்டமாக நின்றார்கள்.

"ரீச்சர், நீங்க சொன்னது சரி," என்றார் கடைசியில். "கோல்டன்றொட்தான். நான் படத்தை வடிவாப் பாக்காமல் சொல்லிப்போட்டன். பிழை என்னில."

குரவை மறுபடி கிளம்பியது. அவர் கையைத் தூக்கினார்.

"ஆனா இது காட்டுச் செடி இல்லை. உபஇனம் எண்டும் ஒண்டும் இல்லை. பூவுக்காகத் தோட்டங்களில வளக்கிற கலப்பு. நுவரெலியாவில வளத்து, கலியாண மேடைக்குச் சாடியோட கொண்டுவருவினம். இந்தக் கரையில ஏதாவது ஹோட்டல் கலியாணத்துக்கு வந்த சாடியை ஆரோ இதில கொட்டியிருப்பினம்."

மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சல்லிக்கென்றே ஓர் உபஇனம் என்று கரண்டியோடு நின்றவள். அவள் ஏதோ இரண்டு கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். "ஓம் சேர்," என்றாள். "இலையைப் பாக்க எனக்கும் ஒரு சந்தேகம் இருந்ததுதான்."

"காட்டில பிறந்தா என்ன, சாடியில பிறந்தா என்ன?" என்றார் கருவாட்டு அக்கா. "கலியாணத்துக்கு வந்தது இஞ்சயே தங்கீற்றுது. நானும் இறக்கக்கண்டியில இருந்து கலியாணத்துக்கு வந்தனான்தான். என்னை ஆரும் கொட்டேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பொங்கல் எப்ப ரீச்சர்? நேர்த்தி பலிச்சிட்டுதே."

பேராசிரியருக்கு அப்போதுதான் கால் நினைவுக்கு வந்தது. ஐயோ என்று எழும்பித் துள்ளினார். நான் காத்திருந்த நேரம் அது. இவள் இப்போது சொல்லப்போகிறாள், ஓய்வெடுத்த ஆட்களைப் பற்றி நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று குடையை இறுக்கிப் பிடித்தேன். அவள் போய் என் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து, அவர் காலில் மெதுவாக ஊற்றினாள். "வெந்துபோகும் சேர். கெதியா நிழலுக்கு வாங்கோ," என்றாள். குடிக்க வைத்திருந்த குளிர்ந்த தண்ணீர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். எத்தனை நாள் காவல், எத்தனை வெயில், எத்தனை பொய்! ஆள் காலடியில் கிடைத்த நேரத்தில் ஒரு சொல் கேட்டிருக்கக்கூடாதா? சிரித்ததையாவது ஞாபகப்படுத்தியிருக்கக்கூடாதா? உப்புவெளி தாண்டும்போது என் சட்டையின் முதுகுப்பக்கம் நனைவது தெரிந்தது. அழுகிறாள்.

"உபஇனம் இல்லாட்டிப் போகுது, விடும்," என்றேன்.

"அதுக்கில்லை," என்றாள். "முப்பது வருசமாப் படிப்பிச்சனான். அது நிக்குது, இது பூத்திருக்குதெண்டு பாக்கிற ஆக்களிட்ட எல்லாம் சொன்னனான். 'எங்க, காட்டுங்கோ பாப்பம்' எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தாள் கேட்டு வந்தவர்."

அந்த 'ஒருத்தரும்' என்பதற்குள், அவளுக்கு முன்னால் இருந்து ஸ்கூட்டி ஓட்டும் ஆளும் இருக்கிறான். வேகத்தைக் குறைத்தேன். ஏதாவது கேட்கவேண்டும், உடனே கேட்கவேண்டும் என்று வீதியோரத்தைத் தேடினேன். ஒரு மதிலோரத்தில், பற்றைக்குள், வெள்ளையும் நீலமுமாய் என்னவோ காற்றில் அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

"அங்க பாரும்," என்றேன். "அது என்ன பூ? எனக்கொருக்காக் காட்டும் பாப்பம்."

அவள் எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அது சொப்பிங் பேக்," என்றாள்.

அவள் சிரிக்கத் தொடங்கியவள், உவர்மலை ஏறி வீட்டுப் படலையைத் திறக்கும்வரை நிறுத்தவில்லை.